இரண்டு கிழக்கும் ஒரு பெஞ்சும்

கருவேலங்குளத்தில் இரண்டு கிழக்குகள் உண்டு என்பதை வெளியூர்க்காரர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் கதை நெடுக வழி தவறிப் போவார்கள். ஒன்று, நடக்கிற கிழக்கு. அது சூரியன் உதிக்கிற பக்கம், கண்மாய் கிடக்கிற பக்கம். ஆடு மேய்க்கிறவர்களும் வாசல் தெளிக்கிறவர்களும் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராத சின்னப் பிள்ளைகளும் அதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, பரீட்சைக் கிழக்கு. அது முதலாவதற்கு நேர் எதிரே, பஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. அதை மாற்றாமல் எழுதினால் ஐந்து மார்க்கு. ஊரில் படித்தவர்கள் இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். கலந்துவிட்டவர்களும் இல்லாமல் இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் காசிராஜன் வீடு கட்டும்போது வாசல் கிழக்குப் பார்த்துத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொத்தனாரும் அதே பள்ளிக்கூடத்தில் அதே ஐந்து மார்க்கை வாங்கியவர் ஆனபடியால் வாசல் மேற்கே பார்த்து அமைந்தது, இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இரண்டாவது கிழக்கு பிறந்த கதை சின்னது. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலின் தெற்குச் சுவரில் ஊர்ப் படம் வரையச் சொல்லி, கோயில் சுவர்களில் யானையும் அன்னமும் எழுதிக்கொண்டிருந்த சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் அதுவரை வரைபடம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தவரில்லை. சுவரைப் பார்த்து நின்றார், அதாவது தெற்கே பார்த்து நின்றார். இடது கைப் பக்கம் கண்மாய் இருந்தது, இடது பக்கம் கண்மாயை எழுதினார்; வலது கைப் பக்கம் பஞ்சாலை இருந்தது, வலது பக்கம் பஞ்சாலையை எழுதினார்; சுவருக்கு அப்பால் எதிரே இருந்த காளி கோயிலை மேலே எழுதினார்; முதுகுக்குப் பின்னால் இருந்த ரயில் நிலையத்தைக் கீழே எழுதினார். படத்தில் ஒரு குற்றமும் கிடையாது. மறு வருஷம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும், படத்தில் வடக்கு காட்டுகிற அம்பு இல்லையே என்று யாரோ பதறி, உலகத்தில் உள்ள படத்துக்கெல்லாம் வடக்கு மேலேதானே என்று உச்சியில் ஒரு அம்பு போட்டு, 'வ' என்று எழுதிவிட்டார்கள். அந்த நிமிஷமே கண்மாய் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் மேற்கே போய்ச் சேர்ந்தது. அம்பு போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வு நல்லபடியாக முடிந்த பிறகு ஆள் தேடுகிற வழக்கம் அங்கே கிடையாது.

மாரிச்செல்வி பத்தாம் வகுப்புக்கு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் கெட்டிக்காரி என்பதில் பள்ளிக்கூடத்தில் இரண்டு கருத்து இல்லை. ஜூன் மாதம் கொடுத்த புத்தகத்தை ஜூன் மாதமே படித்து முடித்துவிடுகிற பிள்ளை. எந்த ஊர் வினாடிவினாவுக்கு அனுப்பினாலும் கேடயத்தோடு திரும்புகிற பிள்ளை. அந்தக் கேடயங்களை ஹெட்மாஸ்டர் அருணகிரி தன் அறைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, வருகிறவர்களிடம் தன் சொந்தக் கையால் சம்பாதித்ததைப் போலக் காட்டுவார். பள்ளிக்கூடத்துக்கு அவளுடைய மூளை வேண்டும். வாய் மட்டும் வேண்டாம். ஏழாம் வகுப்பில் அச்சடித்த கணக்குத் தாளில் கணக்கே தப்பு என்று சொன்னதற்காக அந்தக் கணக்குக்கு முட்டை வாங்கியவள் அவள், எட்டாம் வகுப்பில் நீதிபோதனை டீச்சர் எப்போதும் உண்மை பேச வேண்டும் என்று நடத்திக்கொண்டிருக்கையில் "ஆய்வுக்கு ஆள் வரும்போதுமா டீச்சர்?" என்று கேட்டு ஒரு பீரியட் முழுக்க வராந்தாவில் முட்டி போட்டவளும் அவளே. முன்னேற்ற அறிக்கையில் வருஷா வருஷம் ஒரே குறிப்புத்தான்: படிப்பு மிக நன்று, வாய் அதிகம்.

அவள் அம்மா பொன்னுத்தாய் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிற அடுப்படி வேலை பார்த்தாள். அந்தக் குறிப்பை ஒவ்வொரு வருஷமும் மகளிடமே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெல்லப்பாகு தெறித்துத் தெறித்து ரேகை அழிந்துபோன பெருவிரலை மையில் ஒற்றிக் கைநாட்டு வைத்துக்கொடுப்பாள். அப்பா லாரியில் வடக்கே போனால் மாதம் ஒரு முறைதான் வருவார். பள்ளிக்கூடத்து வடக்கை நம்பிப் போயிருந்தால் கன்னியாகுமரி தாண்டிக் கடலுக்குள் அல்லவா போயிருக்க வேண்டும் என்று மாரிச்செல்வி ஆறாம் வகுப்பிலேயே யோசித்தாள். நியாயமாக அன்றைக்கே கேட்டிருப்பாள், அந்த வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சமூக அறிவியல் ஜெகவீரன் சார் பெரிய ஹாலில் பத்தாம் வகுப்புக்கு 'நமது ஊர்' பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தன் முதல் வருஷத்திலிருந்து இன்று வரை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அந்தப் பாடத்தை நடத்திவருகிற மனிதர், சாந்தமானவர், சுண்ணாம்புக்கட்டியை உடைக்காமல் எழுதுகிறவர்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் மாரிச்செல்வி.

வழக்கப்படி வகுப்பே பேனாவைக் கீழே வைத்தது. அந்த மூன்று வார்த்தைக்கு அரைமணி நேர ஓய்வு என்று அர்த்தம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"கேளு."

"கண்மாய் ஊருக்கு எந்தப் பக்கம் சார்?"

"மேற்கே. அதான் செவுத்துல எழுதியிருக்குல்ல."

"காலைல சூரியன் கண்மாய்க்குள்ளருந்துதான சார் எந்திருச்சு வருது. அப்ப நம்ம ஊர்ல மட்டும் சூரியன் மேக்க உதிக்குதா?"

ஜெகவீரன் சார் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "அது வேற, இது வேற."

"எது வேற சார்? கண்மாயா, சூரியனா?"

"தப்பு! நீ சொல்றது தப்பு. ஏறு பெஞ்சு மேல!"

அவள் ஏறி நின்றாள். ஏறி நின்றதும் பெஞ்சு நாலு விரற்கடை உயர்ந்தது. சத்தம் ஒன்றும் இல்லை; திருவிழாவில் சாமி சப்பரம் வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள் குதிகாலை உயர்த்துவானே, அப்படி எழும்பிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகள் கால் தரையில் எட்டவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்து, அங்கே இருந்தவர்களோடு இடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

மாரிச்செல்வியின் தலை இப்போது ஜன்னலின் மேல்கம்பிக்கு மேலே இருந்தது. அவள் வெளியே பார்த்தாள். "சார், இப்ப இன்னும் நல்லாத் தெரியுது. கிழக்கேதான்."

"தப்புன்னு சொல்றேன்ல!"

இன்னொரு நாலு விரற்கடை. அந்த ஒரு பீரியடில் பெஞ்சு ஐந்து முறை வளர்ந்தது. மணியடித்ததும் உள்ளே வந்த கணக்கு சார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல இருக்கவங்களுக்கும் சேத்துத்தான், வீட்டுக்கணக்க எடுங்க" என்றார்.

ஹெட்மாஸ்டர் அருணகிரி விஷயத்தைக் கேட்டு ஆசாரியை வரச்சொன்னார். ஆசாரி நாலு காலையும் பழைய அளவுக்கு அறுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பெஞ்சு அறுத்த அளவையும் சேர்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவது முறை வந்த ஆசாரி காலைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம் சார் இது, வளர்ற வயசு. ஒண்ணு மரத்த விடுங்க, இல்ல அந்தப் புள்ளயத் தப்புன்னு சொல்றத விடுங்க" என்றார். இரண்டாவது யோசனை நடைமுறைக்கு ஒத்துவராது என்பதால் மரத்தை விட்டார்கள்.

தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை மாணவி பள்ளி நேரத்தில் பெஞ்சு மேலேயே நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மாரிச்செல்வி காலையில் மணியடிக்கும்போது ஏறுவாள், மாலையில் மணியடிக்கும்போது இறங்குவாள். முதலில் மேஜை போட்டு ஏறினாள், பிறகு வெள்ளையடிக்கிறவர்களின் மூங்கில் ஏணி வந்தது, அப்புறம் இரண்டு ஏணியைச் சேர்த்துக் கட்டினார்கள். வாரத்துக்கு ஒரு தரமாவது ஜெகவீரன் சாரோ ஹெட்மாஸ்டரோ கீழே நின்று, "கண்மாய் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள், அவள் கிழக்கே என்பாள், தப்பு என்பார்கள், நாலு விரற்கடை. ஆகஸ்டு மாதம் அவள் தலை சுவர்ப் படத்தின் உச்சிக்கு வந்தது. அன்றைக்கு அவள் படத்தின் மேல் விளிம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பீரியட் முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று ஒரு டீச்சர் கஷாயம் அனுப்பிவைத்தார்.

செப்டம்பரில் தலை ஓட்டில் இடித்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடி, மாணவியின் பாதுகாப்பு கருதி நாலு வரிசை ஓட்டைப் பிரித்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கண்மாயைப் பற்றியும் பேச்சு வந்தது. வந்த உடனே ஹெட்மாஸ்டர் எழுந்து, இப்போது கண்மாயைக் கிழக்கே கொண்டுபோனால் இருபத்தோரு வருஷத்து விடைத்தாள்களையும் திருத்தியாக வேண்டும், அந்த ஐந்து மார்க்கில் தப்பிப் பிழைத்து வகுப்பைத் தாண்டியவர்கள் திரும்ப வந்து உட்கார வேண்டியிருக்கும் என்றார். கழகத் தலைவராகவும் இருந்த காசிராஜன் அந்த ஐந்து மார்க்கில் தாண்டியவர்தான். அவர் அவசரமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: பள்ளி எல்லைக்குள், பள்ளி வேலை நேரத்தில், சூரியன் உதிக்கும் திசை மேற்கு என்றே கருதப்படும். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. மேலேயிருந்து, "ஞாயித்துக்கிழமை எப்படி சார்?" என்று குரல் வந்ததைக் குறிப்பில் ஏற்றவில்லை.

மாவட்டத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். கையில் இருந்த படிவத்தில் தளவாடச் சாமான்கள் என்ற இடத்தில் நல்ல நிலை, பழுது, தேவை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. வளர்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை. ஓட்டைப் பிரித்துக்கொண்டு நிற்கிற பெஞ்சை அண்ணாந்து பார்த்தார். ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. நல்ல நிலை என்று குறித்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

ஊர் அதைவிடச் சீக்கிரமாகப் பழகிக்கொண்டது. சத்துணவு ஆயா கயிற்றில் கூடை கட்டி முட்டையை மேலே அனுப்பினாள். கேபிள் டிவிக்காரர் போகிற போக்கில் ஒரு வயரைப் பெஞ்சுக் காலில் சுற்றிவிட்டுப் போனார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பஸ்ஸை எட்டிப் பார்க்க ரோட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலிருந்தே, "ஏ தாயி, டவுன் பஸ் வருதா?" என்று கத்துவார்கள், "ரயில்வே கேட்டத் தாண்டிருச்சு மாமா, கிளாசக் கீழ வைங்க" என்று ஓட்டுக்கு மேலிருந்து பதில் வரும். தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது, சம்பந்தக்காரர்கள் எத்தனை வேனில் வருகிறார்கள், தொலைந்த வெள்ளாடு யார் வீட்டுப் பருத்திச் செடியில் வாயை வைத்திருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்டார்கள். ஆட்டைத் தேடுகிறவர்கள் மட்டும் அவள் கிழக்கே என்று சொன்னதும் ஒரு நிமிஷம் நின்று, "எந்தக் கிழக்கு தாயி?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஊரே அவள் கண்ணை நம்பியது. அவள் கண்ணால் பார்த்துச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை, ஏனென்றால் அதற்கு ஐந்து மார்க்கு.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்து, மற்ற ஐம்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தார்கள், மாரிச்செல்விக்குக் கொடுக்கவில்லை. ஹெட்மாஸ்டர் ஒரு தாளை டைப் அடித்து வைத்திருந்தார்: கண்மாய் ஊருக்கு மேற்கே உள்ளது, நான் கூறியது தவறு, மன்னிக்கவும். கையெழுத்துப் போட்டால் ஹால் டிக்கெட்.

"எந்தச் சட்டத்துல சார் அப்படி இருக்கு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துச் சட்டத்துல" என்றார் ஹெட்மாஸ்டர். அவருக்கு அவள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. அவள் மாவட்ட முதலிடம் வாங்கப்போகிறாள் என்று பஸ் ஸ்டாண்டில் வைக்க ஃப்ளெக்ஸ் போர்டுக்கே சொல்லிவைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டு வாங்கட்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

மறுநாள் பொன்னுத்தாய் வேலையை விட்டுவிட்டு வந்து பெஞ்சுக்கு அடியில் நின்றாள். சேலையெல்லாம் வெல்ல வாசனை. அண்ணாந்து பார்த்தபோது வெயிலில் கண் கூசியது, மகளின் பாதம் மட்டும்தான் தெரிந்தது.

"ஒரு வரிதான தாயி. எழுதிக் குடுத்துட்டு எறங்கு. நீ எழுதுறதால கண்மாய் எந்திருச்சு எங்கயும் போயிறப் போகுதா?"

"அது தப்பும்மா."

"தப்பாவே இருக்கட்டும். பரீட்சை எழுதாட்டி நாளைக்கு எங்கூட பாகு கிண்டத்தான் வரணும். அங்க வந்து கிழக்கு எது மேக்கு எதுன்னு அடுப்பப் பாத்துக் கேப்பியா?" என்றவள், மகள் பதில் சொல்வதற்குள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்காகத்தான் கேக்கேன்னு நெனைக்காத. ஒனக்காகத்தான்."

மாரிச்செல்வி அன்று முழுக்க மேலே நின்று, கண்மாயைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல ரேகை ஓடுகிற கைகள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம், ஹெட்மாஸ்டர் கேள்வித்தாள் கட்டு சம்பந்தமான கூட்டத்துக்கு டவுனுக்குப் போயிருந்தார். போகும்போது ஜெகவீரன் சாரிடம் அந்த டைப் அடித்த தாளையும் ஹால் டிக்கெட்டையும் கொடுத்து, எப்படியாவது கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெகவீரன் சார் எட்டு மாதமாகக் கீழே நின்றே தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாளும் ஏணியில் கால் வைத்ததில்லை. அன்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒவ்வொரு படியாக ஏறும்போதும் சொல்ல வேண்டிய புத்திமதிகளை வரிசையாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்: பெரியவர்களுக்கு அடங்குவது, விட்டுக்கொடுப்பது, எதிர்காலம். மூன்று ஏணி உயரம். ஓட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, பெஞ்சின் விளிம்பைப் பிடித்து ஒரு வழியாக உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

எதிரே கண்மாய் கிடந்தது. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததில் பங்குனியிலும் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. கரையில் இரண்டு கொக்கு.

"பேனா குடுங்க சார்" என்றாள் மாரிச்செல்வி.

அடுக்கிவைத்த புத்திமதியெல்லாம் வீணாய்ப் போனதில் அவர் திகைத்துவிட்டார். "நெசமாத்தான் சொல்றியா?"

"எங்கம்மா கையப் பாத்தீங்களா சார்? வெரல்ல ரேகையே இல்ல. ஆதார் கார்டுக்குக் கை வச்சா மெஷின் எங்கம்மாவ எங்கம்மா இல்லைங்குது." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்குப் பரீட்சை எழுதணும் சார். குடுங்க."

தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மேலே அச்சாகியிருந்த வரியை ஒரு தரம் வாசித்தாள். பேனா மூடியைத் திறந்து, தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். இத்தனை வருஷமாக மணி மணியாக எழுதுகிற கை, 'மா' என்ற அந்த ஒற்றை எழுத்தைக் கோணலாக எழுதியது. ஒரு சொட்டுக் கண்ணீர் அதன் மேலேயே விழுந்தது.

ஜெகவீரன் சார் தாளை வெடுக்கென்று பிடுங்கினார்.

"அந்த அம்பு போட்டது நான், தாயி."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"ஆகஸ்டுலயே தெரியும். பெஞ்சு படத்து உச்சிக்கு வந்தப்பப் பாத்தேன். அம்புக்குப் பக்கத்துல தூசிக்குள்ள ஜெ.வீ.ன்னு சின்னதா எழுதி, தேதியும் போட்டிருக்கு. கீழருந்து பாத்தாத் தெரியாது."

அவர் அவளையே பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இருபத்தேழு வயது, செய்ததற்கு ஒரு அடையாளம் இருக்கட்டும் என்று பெருமையாகப் போட்ட எழுத்து. மறு வாரமே கண்மாய்க்கரையில் காலை நடைக்குப் போகையில், முகத்தில் வெயில் அடித்தபோது, என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டது. அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தார். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தார். அடுத்த வருஷம் அது பரீட்சைக் கேள்வியாகிவிட்டது.

"ஏழு மாசமாத் தெரிஞ்சுமா சொல்லல? ஊரையே கூட்டியிருக்கலாமே. ஒனக்குத்தான் அம்புட்டு வாய் இருக்கே!"

"வாய் கேள்வி கேக்கதுக்கு சார்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரையும் போட்டுக் குடுக்கதுக்கு இல்ல."

ஜெகவீரன் சாருக்கு வெட்கமாக இருந்தது. கீழே என்றால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார், அந்த உயரத்தில் திரும்புவதற்கும் இடம் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து, அவள் கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடினார். டைப் அடித்த தாளை நாலாகக் கிழித்துக் காற்றில் விட்டார். அது பஞ்சாலைப் பக்கமாகப் பறந்துபோனது.

"எறங்கு."

"பெஞ்சுல யார் சார் நிக்கது? சுற்றறிக்கை இருக்கே."

"தப்பு பண்ணவங்கதான நிக்கணும்?" என்று எழுந்து நின்றார். "மெல்லப் பாத்து எறங்கு தாயி. மூணாவது ஏணில ரெண்டாவது படி ஆடுது."

மறுநாள் காலை பரீட்சை. பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருந்தது. பெற்றோர்கள் திருநீறும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் கூடியிருந்தார்கள். பொன்னுத்தாய் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, மகளுடைய ஹால் டிக்கெட்டை முந்தானையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காசிராஜன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். பறக்கும் படை ஜீப் உள்ளே வந்து நின்றது. பின்னாலேயே வந்த வேனிலிருந்து ஹெட்மாஸ்டர் அருணகிரி கேள்வித்தாள் கட்டோடு இறங்கி, வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக்கு மேலே, வேப்பமரத்துக்கு மேலே, பேண்ட் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன.

"ஜெகவீரன்! அங்க என்ன பண்றீங்க?"

"நிக்கேன் சார்."

"எதுக்கு?"

"அம்பு போட்டதுக்கு. செவுத்துப் படத்துல வடக்கத் தப்பாப் போட்டது நான்தான் சார். தூசியத் தட்டிப் பாருங்க, பேர் இருக்கு. கண்மாய் கிழக்கே."

இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்திய குரல், அது ஊர் முழுக்கக் கேட்டது. டீக்கடையில் கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. காசிராஜன் தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகம் வெளிறிப்போனார். ஹெட்மாஸ்டர் ஜீப்பைப் பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் எல்லோருடைய நிழலும் பஞ்சாலைப் பக்கம் நீளமாக விழுந்து கிடந்தது, அவருடைய நிழல் உட்பட. அதை மட்டும் பார்க்கவில்லை.

"தப்பு!" என்றார்.

பெஞ்சு நாலு விரற்கடை உயர்ந்தது.

ஜெகவீரன் சார் ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, கண்மாயைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"இப்ப இன்னும் நல்லாத் தெரியுது சார்."

புதுக் கட்டடத்தில் மாரிச்செல்விக்கு ஜன்னலோர இடம். உட்காரும்முன் குனிந்து பெஞ்சின் நாலு காலும் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள், இருந்தது. வெளியே ஹெட்மாஸ்டர் இன்னொரு தப்பு சொல்வது கேட்டது, அதற்குப் பிறகு இன்னொன்று. மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வேறு ஊர்க்காரர், இந்த விவகாரம் எதுவும் அறியாத பாவப்பட்ட மனிதர். தாள்களைக் கொடுத்து முடித்துவிட்டு, நல்ல மனசோடு, எல்லோரையும் பார்த்துக் கேட்டார்:

"யாருக்காவது ஏதும் சந்தேகம் இருக்கா?"

கேள்வித்தாளின் மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மாரிச்செல்வி எழுந்து நின்றாள். ஹாலில் இருந்த கருவேலங்குளத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.